பழைய ஆட்டோ காருக்குப் புது வேகம்: ஐயாயிரம் வெள்ளியை எங்கே செலவு செய்வது?

"அக்கா, கையில் ஐயாயிரம் வெள்ளி இருக்கிறது. கார் சத்ரியா நியோ சிபிஎஸ், ஆட்டோ கியர். வேகத்தைக் கூட்ட முதலில் எதை மாற்றலாம்? எக்சாஸ்டா, ஏர் ஃபில்டரா?"

வாட்ஸ்அப்பில் வந்த இந்தக் குரல் செய்திக்கு வானொலியில் இரண்டு பாட்டுக்கு நடுவே பதில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் இந்த வாரப் பக்கம் முழுக்க அதற்கே. கேட்டவர் 26 வயதுத் தம்பி. பங்சாரில் வேலை, கிள்ளானில் வீடு. தினமும் கூட்டரசு நெடுஞ்சாலையில் போய் வருகிறார். மாமா வைத்திருந்த காரைக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறார். நம் வீடுகளில் அப்பா, சித்தப்பா, அண்ணன் ஓட்டிய ஒரு பழைய புரோட்டோன் எங்காவது நின்றுகொண்டுதான் இருக்கும். அதனால் இது அவர் ஒருவரின் கேள்வி அல்ல.

ஐயாயிரம் வெள்ளி சின்னத் தொகையும் அல்ல. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தக் கணக்கில் ஏறக்குறைய மூன்று மாத உழைப்பு. அதைச் சரியான இடத்தில் போட்டால் கார் உண்மையிலேயே மாறும். தவறான இடத்தில் போட்டால் சத்தம் மட்டும் மாறும். மோசமான இடத்தில் போட்டால் கியர்பாக்ஸ் போகும். அதைவிட மோசமாகவும் முடியலாம். அந்தச் செய்திகளை ஸ்டூடியோவில் உட்கார்ந்து வாசிப்பவர்களில் நானும் ஒருத்தி.

நான் படித்தது ஊடகத் துறை. ஸ்பேனர் பிடித்துத் தொழில் செய்தவள் அல்ல. ஆனால் பட்டறையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து "இது ஏன்? அது எதற்கு?" என்று கேட்பது தொழில் கொடுத்த பழக்கம். அப்படிச் சேர்த்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் காரைத் தெரிந்துகொள்வோம்

புரோட்டோன் 1994-இல் சத்ரியாவைக் கொண்டுவந்தது. 1996-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் புரோட்டோன் கைக்கு வந்தது. 1998-இல் 1.8 லிட்டர் இயந்திரத்தோடு சத்ரியா ஜிடிஐ வந்தபோது, வளைவுகளில் அதன் பிடிப்பைச் சீராக்கிக் கொடுத்தவர்கள் லோட்டஸ் பொறியியலாளர்கள்தான். இன்றைக்கும் ஜிடிஐ என்றால் கண் மின்னும் அண்ணன்மார்கள் இருக்கிறார்கள்.

2006-இல் சத்ரியா நியோ வந்தது. இயந்திரம் புரோட்டோனின் சொந்தத் தயாரிப்பான கேம்புரோ. 2004-இல் ஜென்-2 காரில் அறிமுகமான அந்த முதல் கேம்புரோவுக்கு ஒரு குறை இருந்தது. 2,500 முதல் 3,500 சுழற்சி வரையிலான பகுதியில் இழுவை சற்றுத் தொய்ந்துவிடும். நாம் தினமும் ஓட்டும்போது இயந்திரம் அதிகமாக இருப்பதும் அந்தப் பகுதியில்தான்.

2009-இல் வந்த நியோ சிபிஎஸ் அதைச் சரிசெய்ய முயன்றது. இயந்திரத்துக்குள் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டில் இரண்டு வடிவங்கள்: குறைந்த சுழற்சிக்கு ஒன்று, கூடுதல் சுழற்சிக்கு ஒன்று. காற்று போகும் பாதையும் அப்படியே. மெதுவாக ஓடும்போது நீண்ட பாதை, வேகம் எடுக்கும்போது குறுகிய பாதை. இதன் பலன் 125 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 5 கியர் மேனுவல் ஒன்று, 4 கியர் ஆட்டோ ஒன்று என இரண்டு வகையில் விற்றார்கள். தம்பியிடம் இருப்பது இரண்டாவது.

"ரேலியில் ஜெயித்த கார் அக்கா இது" என்றும் தம்பி சொன்னார். உண்மைதான். சத்ரியா நியோ எஸ்2000 காரில் 2011-இல் அலிஸ்டர் மெக்ரே ஆசிய பசிபிக் ரேலி வெற்றியாளர் பட்டம் பெற்றார். ஆனால் அந்தக் காரில் 2 லிட்டர் இயந்திரம். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. பந்தயத்துக்கென்றே செய்த கியர்பாக்ஸ். வெளித்தோற்றம்தான் நம்முடையது. பெயர் ஒன்று என்பதால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

ஆட்டோ கியரின் குணம்

இந்தக் கேள்வியில் முக்கியமான சொல் 'ஸ்போர்ட்ஸ்' அல்ல, 'ஆட்டோ'. நண்பர்கள் சொல்லும் யோசனைகளில் பெரும்பாலானவை மேனுவல் காருக்கானவை. அவற்றை அப்படியே ஆட்டோவுக்குப் போட்டால் எதிர்மாறான பலன் கிடைக்கும்.

இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் சுவிட்ச் போடுங்கள். அதன் காற்றில் மற்றொன்றும் மெல்லச் சுற்றத் தொடங்கும். ஆட்டோ காரில் இயந்திரத்துக்கும் கியர்பாக்சுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் ஏறக்குறைய அப்படித்தான் வேலை செய்கிறது. அங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். இயந்திரம் ஒரு பக்கம் எண்ணெயைச் சுழற்றித் தள்ள, மறுபக்கம் சக்கரங்களை நோக்கித் திரும்புகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாதபோது வித்தியாசம் சூடாக மாறி எண்ணெயில் சேர்கிறது. மாலை 6 மணிக்குப் பங்சாரிலிருந்து கிள்ளான் வரை நின்று நின்று போனால் அந்த எண்ணெய் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, நான்கே கியர். புதிய ஆட்டோ கார்களில் ஆறு, எட்டு கியர் கூட உண்டு. நான்கு மட்டும் இருக்கும்போது ஒரு கியருக்கும் அடுத்த கியருக்கும் இடைவெளி அதிகம். ஒவ்வொரு முறை கியர் ஏறும்போதும் சுழற்சி நிறையக் குறைந்துவிடும். அதாவது உச்சச் சுழற்சியில் கிடைக்கும் பலத்தை ஆட்டோ கார் கொஞ்ச நேரம்தான் அனுபவிக்கிறது. மீதி நேரமெல்லாம் கீழ், நடுப் பகுதியில்தான் வாழ்கிறது.

ஆகவே ஒரு சோதனையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது எதையாவது மாற்றச் சொன்னால், "இது நடுச் சுழற்சியில் இழுவையைக் கூட்டுமா, குறைக்குமா?" என்று கேளுங்கள். "மேலே போனால் தெரியும்" என்று பதில் வந்தால், அது உங்கள் காருக்கு இல்லை.

சத்தம் வேறு, வேகம் வேறு

இந்தச் சோதனையில் முதலில் அடிபடுவது பெரிய எக்சாஸ்ட் குழாய். டர்போ இல்லாத 1.6 லிட்டர் இயந்திரத்துக்கு அளவுக்கு மீறிய குழாய் போட்டால், குறைந்த சுழற்சியில் புகை வெளியேறும் வேகம் குறைகிறது. கீழே இருந்த கொஞ்ச இழுவையும் மெலிகிறது. காது "வேகம்" என்று சொல்லும்; கடிகாரம் ஒத்துக்கொள்ளாது. பக்கத்து வீட்டுப் பாட்டியும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது காளான் மாதிரி திறந்திருக்கும் ஏர் ஃபில்டர். பார்க்க அழகு, உறிஞ்சும் ஓசையும் சுகம். ஆனால் அது எங்கிருந்து காற்றை எடுக்கிறது? பானட்டுக்குள்ளே, கொதிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலிருந்து. காற்றின் சூடு 10 பாகை கூடினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 விழுக்காடு குறையும். அடர்த்தி குறைந்தால் எரிவதற்கான ஆக்சிஜன் குறையும். பலமும் அதே அளவில் குறையும். 125 குதிரைத்திறனில் 3 விழுக்காடு என்றால் கிட்டத்தட்ட 4. காசு கொடுத்து நான்கு குதிரைகளை இறக்கிவிட்டு வருவானேன்? நிறுவனம் கொடுத்த மூடிய பெட்டி வெளிக் காற்றை எடுக்கும்படி அமைந்தது. அதை அப்படியே வைத்து உள்ளே சுத்தமான ஃபில்டரைப் போடுவதே போதும்.

விலை கூடிய பெட்ரோலும் இப்படித்தான். ரோன் எண் என்பது பலத்தின் அளவு அல்ல. அழுத்தத்தில் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் தன்மையின் அளவு. ரோன் 95-இல் நன்றாக ஓடும் இயந்திரத்துக்கு ரோன் 97 ஊற்றுவது, சைவச் சாப்பாட்டுக்காரருக்கு மட்டன் கூப்பன் கொடுப்பது மாதிரி. 2025 செப்டம்பர் 30 முதல் புடி95 திட்டத்தில் ரோன் 95 லிட்டர் 1.99 வெள்ளி. மிச்சமாகும் காசை டயருக்கு எடுத்து வையுங்கள்.

இசியு ரீமேப் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். டர்போ உள்ள காரில் அது பெரிய மாற்றம் தரும். டர்போ இல்லாத காரில் பலன் சிறியது. பழைய இயந்திரத்திலும் களைத்த கியர்பாக்சிலும் அந்தச் சிறிய பலனுக்காகப் பெரிய தொகையைப் போடுவது வீண். டர்போவையே புதிதாக மாட்டலாம் என்பவர்கள், கூடவே ஒரு கியர்பாக்சையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம்

பத்து, பதினைந்து வயதான கார் கடைசியாக எப்போது முழு 125 குதிரைத்திறனைக் கொடுத்தது? தேய்ந்த பிளக், அழுக்கேறிய த்ரோட்டில், அடைத்த ஃபில்டர், சோர்ந்த சென்சார் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கும். தொலைந்துபோன பலத்தை மீட்பதுதான் ஆகக் குறைந்த செலவில் கிடைக்கும் வேகம். "மாடிஃபை" என்று சொல்லிக்கொள்ள முடியாதுதான். ஆனால் ஓட்டிப் பார்த்தால் முதலில் தெரிவது இதுதான்.

பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி டைமிங் பெல்ட்டைப் பற்றி. கேம்புரோவில் இருப்பது சங்கிலி அல்ல, ரப்பர் பெல்ட். அது ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இயந்திரத்தையே பிரிக்க வேண்டிவரும். மாமா எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டென்ஷனர், தண்ணீர் பம்ப் இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டால் ஒரே கூலி.

இரண்டாவது, ஆட்டோ கியர் எண்ணெய். நல்ல எண்ணெய் சிவப்பாகவும் தெளிவாகவும் இருக்கும். பழுப்பாகி, கருகிய வாசம் வந்தால் அது உழைத்துக் களைத்துவிட்டது. நம் ஆட்களில் பலர் கறுப்பெண்ணெயை ஒழுங்காக மாற்றுவார்கள். கியர் எண்ணெய் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுவார்கள். கையேட்டில் எந்த வகை எண்ணெய் என்று எழுதியிருக்கிறதோ அதையே போடச் சொல்லுங்கள். "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லும் கடையில் நிற்காதீர்கள். நீண்ட காலமாக மாற்றாத கியர்பாக்ஸ் என்றால், இயந்திரம் வைத்து ஒரேயடியாக அலசி எடுப்பதைவிட, வடித்துவிட்டு நிரப்பி, சில வாரம் ஓட்டி, மீண்டும் வடித்து நிரப்புவது நிதானமான வழி.

மூன்றாவது, இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங். சிவப்பு விளக்கில் 'டி'-யில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால், கியர் மாறும்போது ஓர் இடி விழுந்தால், கியர்பாக்ஸ் கெட்டது என்று பயப்படுவதற்கு முன் மவுண்டிங்கைப் பாருங்கள். ரேடியேட்டர் தண்ணீரையும் பாருங்கள். அது பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் எண்ணெயும் தண்ணீரும் எங்கோ கலக்கின்றன என்று பொருள். அதைச் சரிசெய்யும் வரை வேறு எதற்கும் ஒரு காசு செலவழிக்க வேண்டாம்.

இவையெல்லாம் முடிந்த பிறகு, ஆட்டோ காருக்கென்றே நான் பரிந்துரைக்கும் ஒரு புதிய பொருள் உண்டு: தனி கியர் எண்ணெய் கூலர். ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தும் சின்னக் கருவி. குதிரைத்திறன் எதையும் கூட்டாது. ஆனால் நம் வெயிலிலும் நெரிசலிலும் கியர்பாக்சைக் கொல்வது சூடு. அந்தச் சூட்டைக் குறைத்தால் அதன் ஆயுள் நீளும்.

பால்மரத்து மண்ணில் டயர் பற்றி

பங்சார் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? எட்வார்ட் பங்ஜ், ஆல்ஃபிரட் கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் சேர்ந்தே பங்சார் ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. இன்று காப்பிக் கடைகளும் கடைவீடுகளும் நிற்கும் இந்த மேடு அன்று ரப்பர் தோட்டம். பால் வெட்டியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். அந்தப் பால் கப்பலேறிப் போய் யார் யாருக்கோ டயரானது. அவர்களின் பேரப்பிள்ளைகளான நாம் இன்று காருக்கு எல்லாம் வாங்கிவிட்டு, டயருக்கு வரும்போதுதான் "ஆக மலிவானது எது?" என்று கேட்கிறோம்.

காருக்கும் சாலைக்கும் இருக்கும் தொடர்பு, நான்கு உள்ளங்கை அளவு ரப்பர் மட்டுமே. எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் அந்த நான்கு உள்ளங்கை வழியாகத்தான் சாலையில் இறங்க வேண்டும். பிரேக்கும் அப்படித்தான், வளைவும் அப்படித்தான். மாலை மழையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் தண்ணீர் தேங்கும்போது உங்களைக் காப்பது டயரின் பள்ளங்கள்தான்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். வெயிலில் நிற்கும் காருக்கு இன்னும் சீக்கிரம். பழைய டயரைப் புதியது என்று விற்க முயன்றால் இந்த எண் காட்டிக் கொடுத்துவிடும்.

பிரேக்கிலும் வயது உண்டு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது என்பது அதன் தர அளவு. ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடு ஏறும்; எண்ணெய் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். ஆட்டோ கார்க்காரர்கள் பலர் 'டி'-யைத் தவிர வேறு எழுத்தைத் தொடுவதே இல்லை. இறக்கத்தில் கீழ் கியருக்கு மாற்றி, இயந்திரமே காரை இழுத்துப் பிடிக்க விடுங்கள். கியர் கம்பியில் அந்தக் கீழ் எண்களையும் எழுத்துகளையும் வைத்திருப்பதே அதற்காகத்தான். இதற்கு ஒரு காசு செலவில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். மணிக்கு 90 கிலோமீட்டரில் ஓடும் காரைவிட 110-இல் ஓடும் காரை நிறுத்த, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. 110-இல் ஒரு விநாடிக்கு 30 மீட்டருக்கு மேல் கடக்கிறீர்கள். கைப்பேசியை ஒரு முறை பார்த்து நிமிர்வதற்குள் பத்துக் கடைவீடுகள் தாண்டுவது போல.

இறக்கி வையுங்கள்

காசே இல்லாத மாற்றம் ஒன்றும் இருக்கிறது. காரும் ஓட்டுநரும் சேர்ந்து 1,250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பூட்டில் கிடக்கும் பூப்பந்து மட்டைகள், தைப்பூசத்திலிருந்து இறக்காத தண்ணீர்ப் பெட்டி, பெரிய ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் சேர்த்து 50 கிலோ இறக்கினால் 4 விழுக்காடு குறைகிறது. வேகம் எடுப்பதைப் பொறுத்தவரை அது 5 குதிரைத்திறன் கூட்டியதற்குச் சமம். இதே 5 குதிரைத்திறனை எக்சாஸ்ட் கடையில் எவ்வளவுக்கு விற்பார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். ஸ்பேர் டயரையும் ஜாக்கையும் மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

சட்டமும் காப்புறுதியும்

சாலைப் போக்குவரத்து இலாகாவின் கண்ணில் எல்லா மாற்றமும் ஒன்றல்ல. தேய்ந்த அப்சோர்பருக்குப் பதில் நல்ல அப்சோர்பர் போடுவது பழுதுபார்ப்பு. காதைக் கிழிக்கும் எக்சாஸ்ட், எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும் விளக்கு, ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது ஆகியவை சம்மன் வாங்கித் தரும். வெட்டிய ஸ்பிரிங் பள்ளத்தில் விழுந்து எழும்போது தன் இடத்தை விட்டே நகரலாம். பங்சாரின் மேடு பள்ளங்களும் கார் நிறுத்துமிடச் சரிவுகளும் தாழ்த்திய காரை எப்படி வரவேற்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹாஃப் கட் கடையில் வேறு இயந்திரம் எடுத்து மாற்றுபவர்கள் இலாகாவின் அனுமதியும் புஸ்பாக்கோம் சோதனையும் இல்லாமல் சாலையில் இறங்கக் கூடாது. சாலை வரியும் மாறும். தீபகற்பத்தில் தனியார் பெயரில் உள்ள 1.6 லிட்டர் காருக்கு ஆண்டுக்கு 90 வெள்ளி. 2 லிட்டர் என்றால் 380 வெள்ளி வரை போகும்.

குடும்பங்கள் மறந்துவிடும் விஷயம் காப்புறுதி. காரில் செய்த மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டால், விபத்து நேரும்போது இழப்பீட்டை மறுக்க வழி ஏற்பட்டுவிடும். கோரிக்கை இல்லாமல் ஐந்து ஆண்டு ஓட்டிச் சேர்த்த 55 விழுக்காட்டுக் கழிவைவிட, அந்த ஒரு மறுப்பு பல மடங்கு பெரிய இழப்பு. பாலிசி அப்பாவின் பெயரில் இருந்தால் சுமை அவர் தலையில். என்ன மாற்றப் போகிறோம் என்று ஏஜெண்டிடம் முன்கூட்டியே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஐயாயிரம் வெள்ளியின் கணக்கு

தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்த பட்டியல் இது. பட்டறைக்குப் பட்டறை விலை மாறும்; வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

முதல் 1,500 வெள்ளி உடம்பைத் தேற்ற: டைமிங் பெல்ட், பிளக், த்ரோட்டில் சுத்தம், கியர் எண்ணெய், கெட்டுப்போன மவுண்டிங்.

அடுத்த 1,400 வெள்ளி நான்கு நல்ல டயருக்கும் அலைன்மெண்டுக்கும். கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவையே வாங்குங்கள்.

600 வெள்ளி பிரேக் பேட், பிரேக் எண்ணெய், தேவைப்பட்டால் டிஸ்க்.

1,000 வெள்ளி அப்சோர்பருக்கும் தேய்ந்த புஷ்களுக்கும். லோட்டஸ்காரர்கள் கைவைத்த கார் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோமே, அந்தப் பிடிப்பை மீட்பது இந்த ஆயிரம்தான். தம்பி ஓட்டிவிட்டு "கார் சின்னதாகிவிட்டது மாதிரி இருக்கிறது" என்று சொல்வாரானால், இதனால்தான் இருக்கும்.

கடைசி 500 வெள்ளி கியர் எண்ணெய் கூலருக்கு.

மொத்தம் ஐயாயிரம். எக்சாஸ்டும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. "இதில் மாடிஃபை எங்கே அக்கா?" என்றார் தம்பி. கார் முன்பைவிடச் சீக்கிரம் கிளம்பும், சீக்கிரம் நிற்கும், வளைவில் சாயாமல் போகும். பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவருடைய அம்மாவும் அந்தப் பட்டியலைப் பார்த்திருக்கிறார். இரவில் கார்ச் சத்தம் கேட்கும் வரை தூங்காத அம்மா. மகனுக்கு டயரும் பிரேக்கும் முதலில் வாங்கச் சொன்னதற்காக எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். வேகம் பிடித்த பிள்ளையைத் திட்டித் திருத்த முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆசையைப் பழிக்காமல் அதற்கு வழி காட்டலாம்.

அந்த ஆசைக்கு முறையான இடமும் இருக்கிறது. 1999-இல் திறந்த சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடம், 2017 வரை ஃபார்முலா ஒன் நடந்த அதே 5.543 கிலோமீட்டர் தடம், கிள்ளானிலிருந்து ரொம்பத் தூரமில்லை. பொதுமக்கள் தங்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டும் நாள்கள் அங்கே உண்டு. நுழைவுக்குக் காசு, தலைக்கவசம், பாதுகாப்பு விதிகள் எல்லாம் உண்டு. எதிரே லாரியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் வருவதில்லை. பழைய ஆட்டோ காரோடு போனால் சில சுற்றுக்கு ஒரு முறை கியர்பாக்ஸ் ஆற நேரம் கொடுங்கள்.

நம் நாட்டின் கரம்ஜிட் சிங் 2002-இல் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலி பட்டத்தை வென்றார். அதை வென்ற முதல் ஆசியர் அவர். ஓட்டியது புரோட்டோன் பெர்ட். பக்கத்தில் அமர்ந்து பாதை சொன்னவர் எலன் ஓ. அந்தப் பிரிவின் விதிப்படி காரில் பெரிதாக எதையும் மாற்ற முடியாது; கடையில் விற்கும் காருக்கு நெருக்கமாகவே இருக்க வேண்டும். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கார் என்னும்போது ஜெயிப்பது ஓட்டுபவரின் கையும் கண்ணும் நிதானமும்தான்.

ஆகவே தம்பி, பட்டியலில் எழுதாத ஒன்றும் உண்டு. முன்னால் மூன்று கார் தள்ளி என்ன நடக்கிறது என்று பார்த்து ஓட்டப் பழகுங்கள். முந்துவதற்கு முன்பே ஆக்சிலரேட்டரை நிதானமாக ஆழ மிதித்து, கியர் இறங்கக் காத்திருந்து, பிறகு வெளியே வாருங்கள். பழைய நான்கு கியர் ஆட்டோ யோசிப்பதற்கு ஒரு நொடி எடுக்கும். அந்த நொடியை எதிர்வரிசையில் வைத்து யோசிக்க விடாதீர்கள்.

வரும் சனிக்கிழமை பட்டறைக்குப் போகும் எல்லாருக்கும் ஒரு வேலை தருகிறேன். "கியர் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றினது?" என்று கேளுங்கள். நான்கு டயரின் கடைசி நான்கு இலக்கங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் அப்பா கார், அக்கா கார் இருந்தால் அவற்றுக்கும் சேர்த்தே பாருங்கள்.